நான்காம் விதிக்கு ஓர் உரை

2016 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்டு, 2026 மார்ச் வரை நடப்பில் இருந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளில் நான்காவது விதி, குப்பை உண்டாக்குகிறவரின் கடமைகளைச் சொல்வது. அதன் இரண்டாம் உட்பிரிவு ஒரே வாக்கியம்தான். தமிழில் இப்படிச் சொல்லலாம்:

கழிவை உண்டாக்கும் எவரும், தம்மால் உண்டான திடக்கழிவைத் தெருவிலோ, தம் வளாகத்துக்கு வெளியே உள்ள திறந்த பொதுவிடத்திலோ, வடிகாலிலோ, நீர்நிலையிலோ எறியவோ, எரிக்கவோ, புதைக்கவோ கூடாது.

பஸ் ஸ்டாண்டையும் சந்தையையும் மனத்தில் வைத்து இதைப் படிப்பவர்கள் உண்டு. இந்த உரை திண்டுக்கல்லின் காட்டோரத்தை வைத்துப் படிக்கிறது: நத்தம் சாலையிலிருந்து பிரிந்து சிறுமலை ஏறும் அடிவாரம், திருச்சி நெடுஞ்சாலையில் அய்யலூரை ஒட்டிய வறண்ட காடு. ஊர்க் குப்பை இருட்டியபின் போய்ச் சேருகிற இடங்கள் இப்படிப்பட்டவைதாம்.

கழிவை உண்டாக்கும் எவரும்

‘எவரும்’ என்பதற்கு விதிகளே பொருள் சொல்லிவிடுகின்றன. தனி ஆள், கூட்டம், வீடு, கடை, நிறுவனம் எல்லாம் அடக்கம். ரயில்வேயையும் பாதுகாப்புத் துறை வளாகங்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். ஆகவே பிரியாணிப் பொட்டலத்தோடு வருகிற நாலு நண்பர்களும் இதில் வருவார்கள், ராணுவத்தின் துப்பாக்கி சுடும் தளமும் வரும். சீருடை போட்டவருக்கு விலக்கில்லை.

சுடும் தளம் என்றதும் நினைவுக்கு வருவது இது: அமெரிக்காவின் தேசியக் காடுகள் பலவற்றில் பொதுமக்கள் சொந்தத் துப்பாக்கியோடு போய்க் குறிபார்த்துச் சுடலாம். பழைய டிவிப் பெட்டியையும் பாட்டிலையும் குறியாக வைத்துச் சுட்டுவிட்டு, சில்லையும் காலித் தோட்டாவையும் அங்கேயே விட்டுப் போகிறவர்களால் சில இடங்கள் எல்லாருக்குமே மூடப்பட்டிருக்கின்றன. நம் பக்கம் துப்பாக்கி கிடையாது, கல் உண்டு. குடித்து முடித்த பீர் பாட்டிலை மைல்கல்லின் தலையில் நிறுத்தி, பத்தடி தள்ளி நின்று எறிவது. பட்டால் ஒரு கூச்சல், படாவிட்டால் இன்னொரு கல். சில்லு புல்லுக்குள் போய்விடும்; மறுநாள் ஆடு மேய்க்கிறவர் அதில் வெறுங்காலோடு நடப்பார்.

தம்மால் உண்டான

வாக்கியத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இந்தக் கருத்தோடு திண்டுக்கல்லுக்குப் பழைய தொடர்பு ஒன்று உண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்த தீர்ப்பு அது. ஐந்து மாவட்டங்களின் தோல் பதனிடும் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அந்த ஐந்தில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் ஒன்று. ஊரைச் சுற்றியிருக்கும் தோல் ஷாப்புகளை அறிந்தவர்களுக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஆலைக்கு முகவரி இருக்கிறது. குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு போனால் முதலாளி வீடு வந்துவிடும். காட்டோரத்தில் கிடக்கும் கோழிக்கழிவு மூட்டைக்கு முகவரி கிடையாது. சிமெண்டுச் சாக்கில் இறகும் குடலும், வாய் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கும், சாக்கின் அடியிலிருந்து நீர் வடிந்துகொண்டிருக்கும். எந்தக் கடை என்று அந்தச் சாக்கு சொல்லாது. விதி ‘தம்மால்’ என்று கட்டிய முடிச்சை, ஐந்து கிலோமீட்டர் டூவீலர் ஓட்டி அவிழ்த்துவிடலாம்.

இந்த முடிச்சை உண்மையிலேயே இறுக்கிய ஏற்பாடு ஒன்று சாராயப் பாட்டிலுக்குத்தான் வாய்த்தது. உடைந்த கண்ணாடி யானைகளின் காலைக் கிழிக்கிறது என்ற கவலையோடு வந்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கின. காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் திரும்ப வரும். பின்னர் அது மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. கூடுதல் வேலை என்று கடை ஊழியர்கள் முணுமுணுத்தார்கள், அதில் நியாயம் உண்டு. ஆனாலும் எந்த அறிவிப்புப் பலகையையும்விட இதையே நான் நம்புவேன். மைல்கல்லில் நிற்கிற பாட்டிலுக்கு 10 ரூபாய் மதிப்பு என்றால், குடித்தவர் எறிந்தாலும் எடுத்துக்கொண்டு போக ஒருவர் வருவார். பிளாஸ்டிக் கப்புக்கும் தண்ணீர் பாக்கெட்டுக்கும் அப்படி ஒருவர் வரமாட்டார். தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் அவற்றைத் தடைசெய்தது; தடைக்குப் பிறகும் பாரின் வாசலில் அவற்றுக்குப் பஞ்சமில்லை.

தெருவிலோ, திறந்த பொதுவிடத்திலோ, வடிகாலிலோ, நீர்நிலையிலோ

பட்டியலைத் திரும்பப் படித்தால் ஒன்று உறைக்கும். காடு என்ற சொல்லே இதில் இல்லை. ‘திறந்த பொதுவிடம்’ என்பதற்குள் காட்டைக் கொண்டுவரலாம்தான், ஆனால் எழுதியவர்களின் கண் நகரத்தின் மேல் இருந்தது. விதிகள் யாருக்குப் பொருந்தும் என்று சொல்லும் இடத்திலும் நகர உள்ளாட்சிகள், கணக்கெடுப்பு நகரங்கள், தொழிற்பேட்டைகள், அறிவிக்கப்பட்ட புனிதத் தலங்கள் என்றுதான் வரிசை போகிறது. 2014இல் மாநகராட்சியான திண்டுக்கல் உள்ளே. அதன் எல்லைப் பலகையைத் தாண்டியதும் வருகிற சிற்றூராட்சியின் நிலை அவ்வளவு தெளிவாக இருக்கவில்லை.

காடு வனத்துறையின் கையில். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். குப்பையோடு நுழைந்தவரைப் பிடிக்கத் தனி விதி எதற்கு? சரணாலயமாக இருந்தால் பிடி இன்னும் இறுகும். 2022 அக்டோபரில் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நாட்டில் தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம் அதுவே. சரணாலயத்தில் காட்டுயிரின் வாழிடத்தை எந்தச் செயலாலும் சேதப்படுத்தக்கூடாது என்கிறது 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம். தேவாங்கு மரத்திலேயே வாழ்ந்து பூச்சி தின்கிற பிராணி, குப்பையை மோந்துகூடப் பார்க்காது. ஆனால் கோழிக்கழிவு நாயைக் கூட்டிவரும். கிளை தொடாத இடத்தில் தேவாங்கு தரையிறங்கித்தான் அடுத்த மரத்துக்குப் போக வேண்டும்.

இத்தனை சட்டம் இருந்தும் சிக்கல், சாலைக்கும் காட்டுக்கும் நடுவில் இருக்கும் பத்து மீட்டரில். அது நெடுஞ்சாலைத் துறையின் இடமா, ஊராட்சியின் புறம்போக்கா, வனத்துறையின் காடா என்று நில அளவர் வந்து அளந்தால்தான் தெரியும். மூட்டை விழுவது சரியாக அங்கேதான்.

எறியவோ, எரிக்கவோ, புதைக்கவோ

மூன்று வினைகளில் எறிவதைப் பார்த்தாயிற்று. புதைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், இந்தப் பக்கத்துக் கல்லுத்தரையில் குழி தோண்டுகிற அளவுக்கு யாருக்கும் பொறுமை இல்லை. எரிப்பதுதான் ஆபத்து. மாசி, பங்குனியில் அடிவாரப் புல் காய்ந்து சருகாய்க் கிடக்கும்போது, சுத்தம் செய்வதாக நினைத்துக் குப்பைக்கு வைக்கிற நெருப்பு, காற்று திரும்பினால் மலை ஏறிவிடும். எறிந்தவரைவிட எரித்தவர் நல்லெண்ணம் உள்ளவராகவே இருப்பார். விதி அதைக் கணக்கில் கொள்வதில்லை, கொள்ளவும் கூடாது.

விட்டுப்போன நான்காம் உட்பிரிவு

இரண்டாம் உட்பிரிவை மட்டும் படிப்பவர்கள் நான்காவதை விட்டுவிடுகிறார்கள். இந்தப் பக்கத்துக்கு அதிகம் பொருந்துவது அதுதான். உரிமம் இல்லாத இடத்தில் நூறு பேருக்குமேல் கூடும் நிகழ்ச்சியை நடத்துகிறவர், மூன்று வேலைநாள் முன்னதாக உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். சேரும் குப்பையைத் தரம் பிரித்து ஒப்படைக்கவும் வேண்டும் என்றது அது. தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடக்கிறவர்களுக்காகத் திண்டுக்கல் வழிநெடுகப் பந்தல் போட்டு அன்னதானம் செய்கிறவர்களை நினைத்துப்பாருங்கள். புண்ணியத்தில் குறையில்லை, தட்டும் கப்பும்தான் பந்தலுக்குப் பின்னால் குவிகின்றன. இங்கே முகவரி தேடி அலைய வேண்டாம். உபயதாரர் பெயர் பந்தலின் பிளக்ஸில் போட்டோவோடு இருக்கிறது. அபராதச் சீட்டு எழுதும் முன்பே போய்ப் பேசி, இலையும் எவர்சில்வர் டம்ளரும் வைக்கச் சொல்ல முடிகிற ஒரே கூட்டம் இவர்கள். ஆனால் மூன்று வேலைநாள் முன்னதாக என்று விதி சொன்னதால், பொங்கல் விடுமுறை குறுக்கே விழுகிற ஆண்டுகளில் அந்தப் பேச்சை மார்கழியிலேயே தொடங்கிவிட வேண்டியிருந்தது.