யாழ்ப்பாணத்து வீட்டு நிலம்: சாணக மெழுக்கிலிருந்து மாபிள் வரை

யாழ்ப்பாணத்து வீட்டைப் பற்றி எழுதப் புகுந்தோர் நாற்சாரையும் சங்கடப்படலையையும் விதந்து கூறினர், கூரையைப் பேசினர், கிடுகு வேலியையும் பேசினர். மனிதர் இருந்தும் உண்டும் உறங்கியும் வாழ்ந்த நிலத்தைப் பற்றி அதிகம் பேசினாரல்லர். ஈண்டு நிலம் என்றது வயலையன்று, வீட்டின் தரையை. யாழ்ப்பாணத்தார் பேச்சு வழக்கில் அதற்கு நிலம் என்பதே பெயர்.

பழைய மண்வீட்டின் நிலத்தை வெறும் மண் என்று கருதுவது தவறு. முற்றத்தினின்றும் நன்கு உயர்த்தி, கல்லும் மணலும் இட்டு நிரப்பி, அதன்மேற் களிமண்ணோ புற்றுமண்ணோ பரப்பி, இடித்து இறுக்கி, இறுதியிற் சாணகத்தால் மெழுகினர். இவ்வுயர்த்தலுக்குக் காரணம் குடாநாட்டின் இயல்பிலேயே உள்ளது. இங்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் மிகுதியும் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான மாரிக் காலத்திற் பெய்துவிடுகிறது. பெய்யும் நீர் சுண்ணாம்புக்கற் பாறையினூடே இறங்க, கிணற்று நீர் மேலேறி வருகிறது. அந்நாட்களில் மண்ணின் நுண்துளைகளினூடாக ஈரம் மேலெழும். விஞ்ஞான மாணவர் இதனை மயிர்த்துளை எழுகை என்பர். பருமணலிலும் கல்லிலும் துளைகள் பெரியனவாகையால் ஈரம் அவற்றைத் தாண்டி எளிதில் ஏறமாட்டாது. உலர்ந்த நிரப்பு வெப்பத்தையும் மெதுவாகவே கடத்தும். ஆகவே நம் முன்னோர் காவலிட்டது மேற்பூச்சிலன்று, கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியிலேயே எனலாம்.

எனினும் அந்நிலத்தைப் போற்றிப் பாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மெழுகிய நிலம் சில நாட்களில் வெடிக்கும், புழுதி எழும், மீண்டும் மெழுக வேண்டும். குனிந்து மெழுகியவர்கள் பெண்கள். வசதி படைத்தோர் வீடுகளில் அவ்வேலையும் பிறர் தலையிலேயே விழுந்தது. மெழுகிய கையினர் அதே வீட்டின் உள்ளே அமர இடம் பெறவில்லை என்பதையும் சமூக வரலாறு எழுதுவோர் மறத்தலாகாது. பழைய நிலத்தின் குளிர்ச்சியை வியப்போர் பெரும்பாலும் அதனை மெழுகாதவர்களே.

இந்நிலையைச் சீமெந்து மாற்றியது. 1824 இல் இங்கிலாந்தில் யோசப் அசுப்டின் உரிமம் பெற்ற போட்லாந்துச் சீமெந்து, முதலில் கடல்வழி வந்த பண்டமாகவே இந்நாட்டார்க்கு அறிமுகமாயிற்று. 1950 இற் காங்கேசன்துறையிற் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. அவ்வூர்ச் சுண்ணாம்புக்கல்லும், மன்னார்ப் பகுதியின் முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்த களிமண்ணும் அங்கே சீமெந்தாயின. ஒருகாலத்தில் வசதியுள்ளோர் வீட்டு அடையாளமாயிருந்த சீமெந்து நிலம் படிப்படியாக ஆசிரியர் வீட்டுக்கும் கமக்காரர் வீட்டுக்கும் வந்தது. சிவப்புச் சாயமிட்டு, பொச்சுமட்டையால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய நிலங்களைக் கண்டவர் இன்றும் உளர்.

அதனோடு ஒரு முறைப்பாடும் பிறந்தது: சீமெந்து நிலம் குளிரும், வாதம் பிடிக்கும் என்பதே அது. என் ஆச்சி மார்கழியில் பாயின்கீழ்ச் சாக்கொன்றை விரிக்காமல் எவரையும் படுக்க விடமாட்டார். வாதத்தைப் பற்றி மருத்துவர் பேசட்டும், குளிர் கற்பனையன்று. ஒரே வெப்பநிலையிலுள்ள களிமண்ணையும் கொங்கிறீற்றையும் தொட்டால், கொங்கிறீற்றே உடற்சூட்டை விரைந்து இழுத்துக்கொள்ளும். நிரப்புக் குறைந்து ஈரம் ஏறிய நிலமாயின் குளிர் இன்னும் கூடும். மேற்பரப்பு வன்மையாகிவிட்டது என்ற நம்பிக்கையில் அடிநிரப்பைச் சுருக்கியவர் பலர்.

பின்னர் வந்தது போர். 1990 இற் காங்கேசன்துறைத் தொழிற்சாலை நின்றது. அக்காலப் பொருளாதாரத் தடையில் வடக்கே கொண்டுசெல்லக் கூடாத பொருள்களுள் சீமெந்தும் ஒன்றாயிற்று. 1995 ஒற்றோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிற் பெயர்ந்தனர். ஆண்டுகள் பல கழிந்து மீண்டோர், கூரையும் கதவும் போன வளவுகளிற் கிணற்றையும் எஞ்சிய சீமெந்து நிலத்தையும் கொண்டே இது தம் வீடென அறிந்தனர்.

மீள்கட்டுமானத்திலும் நிலத்துக்குக் கடைசி இடமே கிடைத்தது. 2012 இல் விரிவுபெற்ற இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வழங்கப்பட்ட தொகை 550,000 ரூபா. அத்திவாரம், சுவர், கூரை என்று செலவு சென்றபின், நிலத்துக்கு எஞ்சுவது சிறிதே. பின்னர் வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் பணத்தில், பழைய நிலத்தின்மேல் நேரே 'மாபிள்' எனப்படும் தரையோடு பதிக்கப்படுகிறது. ஓட்டினூடாக ஈரம் செல்லாது; ஆகவே அது இணைப்புகளைத் தேடி ஏறும்; அங்கே உவர் வெள்ளையாய்ப் பூக்கும்; நாளடைவில் ஓடு அடிவிட்டுத் தட்டும்போது வெற்றொலி தரும். ஓட்டின் விலையை மட்டும் கேட்டவர் இச்செலவைக் கணக்கிட்டிருக்கமாட்டார்.

பணம் அனுப்பும் அவ்வுறவினர் தம் அனுபவத்தைக்கொண்டு வேறு யோசனையும் சொல்வதுண்டு. ரொறன்ரோவில் நிலவறையிற் குடியிருப்போர், ஓடு பதிக்குமுன் கொங்கிறீற்றின்மேல் ஓரங்குலத் தடிப்பான பொலிசுரைரீன் பலகையை விரித்து, அதன்மேற் கடினப் பலகையிட்டே பதிப்பர். அங்கு அது தேவை. நிலவறையின் அடிமண் பத்துப் பாகை செல்சியசு அளவிலேயே நிற்கும். யாழ்ப்பாணத்து அடிமண்ணோ ஆண்டு முழுவதும் 28 பாகை அளவில் உள்ளது. இங்கு வெப்பக் காப்புப் பலகை இடுவது, சித்திரை வெயிலில் உடலைத் தணிக்கும் நிலத்தை நாமே மூடிக்கொள்வதாகும். மார்கழியின் சில வாரங்களுக்கு ஆச்சியின் சாக்கும் பனையோலைப் பாயும் போதும். நாம் தடுக்க வேண்டியது ஈரத்தையே.

புதிதாகக் கட்டுவோர் சிறிது உயர்த்தி, கல்லிட்டு நிரப்பி, கொங்கிறீற்றின்கீழ்த் தடித்த பொலித்தீனை மடிப்பு மேல் மடிப்பாக விரித்தால் அச்செலவு ஓட்டின் விலையில் மிகச் சிறு பங்கே. பழைய நிலத்தில் அது இயலாது. அங்கே மாரிக் காலத்தில் அரை மீற்றர்ச் சதுரப் பொலித்தீன் துண்டொன்றை நிலத்தில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் மூடி, ஒரு நாள் விட்டு எடுத்துப் பார்த்தல் வேண்டும். அடிப்புறம் வியர்த்திருப்பின், ஓட்டுக்கு வைத்த பணத்தில் ஒரு பகுதி முதலில் நீர்காப்புப் பூச்சுக்குச் செல்லட்டும். ஓடு சற்று மலிவானதாயிருக்கலாம்.