தாய்வழியே ஒரு தேடல்

தன் பூட்டனைத் தேட முனைபவன் முதலில் பிடிப்பது தந்தை பெயரின் முதலெழுத்தை. மட்டக்களப்பு வாவியோர ஊர்களில் அந்த எழுத்தை நம்பி நடந்தால் இரண்டு தலைமுறைக்கு அப்பால் வழி தவறிவிடும். இங்கே குடி தாய்வழி வருவது. மணமானவன் மனைவி வீட்டுக்குப் போகிறான். வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகின்றன. முக்குவர் சட்டம் 1876ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வலுவிழந்தது, வழக்கமோ வலுவிழக்கவில்லை. பூட்டன் வாழ்ந்த வீட்டைத் தேடுபவன் பூட்டி பிறந்த வளவைத்தான் தேட வேண்டும்.

சுவாமி விபுலாநந்தரையே எடுத்துக்கொள்வோம். 1892 மார்ச் 27இல் காரைதீவில் சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் பிறந்தவர். பெற்றோர் முதலில் இட்ட பெயர் தம்பிப்பிள்ளை. நோயுற்ற குழந்தையைக் கதிர்காமத்துக்குக் கொண்டுசென்று வந்தபின் மயில்வாகனன் ஆனார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதரானவர் இந்த மயில்வாகனனே. பின்னர் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் பிரபோத சைதன்யர், 1924இல் விபுலாநந்தர். ஒருவருக்கே நான்கு பெயர்கள்! புகழ்பெற்றவராதலால் இவற்றைத் தொடுத்து எழுதிவைத்தார்கள். பெயர் மாறிய ஓர் உழவனுக்கு யார் எழுதிவைப்பார்?

துறவிக்குச் சந்ததியில்லை என்பார்கள். எங்கள் கணக்கில் அவர் மணம் புரிந்திருந்தாலும் பிள்ளைகள் மனைவியின் குடியே. கண்ணம்மையின் குடியைத் தொடர்வது மகனின் வேலையன்று.

என் பூட்டன், பெத்தாவின் தகப்பன், ஏறத்தாழச் சுவாமியின் காலத்தவர். வீட்டுப் பெட்டியில் இருந்த உறுதிகள் 1978 நவம்பர்ச் சூறாவளியில் நனைந்து கூழாயினவாம். பெத்தாவைக் கேட்டேன். "பேர் என்னத்துக்கு மனே? குடியைக் கேள்" என்றார். தன் குடியைச் சொன்னார். கோயில் வண்ணக்கரிடம் போனேன். திருவிழாவில் அந்தக் குடிக்குரிய நாளையும், பூட்டியின் வளவு இருந்த இடத்தையும் அவர் தயங்காமல் சொன்னார். வளவில் தூர்ந்த கிணறு ஒன்றே மீதி. பூட்டன் இறைத்த கிணறு என்று மகிழ்ந்து திரும்பினேன்.

வீட்டுக்கு வந்தபின்தான் என் மடமை உறைத்தது. அது பூட்டியின் குடி. ஒரே குடிக்குள் மணம் செய்வதில்லையே. பூட்டனின் குடி அவருடைய தாயின் குடியல்லவா? அந்தத் தாய் யார், எந்த ஊர்? பிறகு கேட்போம் என்றிருந்தேன். பெத்தா அடுத்த மாரியில் காலமானார்.

தமிழ் படிப்பிக்கும் எனக்கு இப்போது ஒரு வழக்கம். புதிய வகுப்பில் முதல் நாள், தாயின் தாயுடைய தாயின் பெயரை வீட்டில் கேட்டு எழுதிவரச் சொல்வேன். மறுநாள் பாதிக் கொப்பிகள் வெறுமையாகவே வருகின்றன. திருப்பிக் கொடுத்து, "இன்றைக்கும் கேளுங்கள்" என்கிறேன்.