மருத்துவமனை நிர்வாகப் படிப்பில் சாதி எந்தத் தாளில் வருகிறது?

மருத்துவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். மருத்துவமனையை நடத்துகிறவரைப் பற்றிப் பேசுவதில்லை. துப்புரவுப் பணியை ஒப்பந்தத்துக்கு விடுவதா, நோயாளியின் புகாரை யார் விசாரிப்பது என்றெல்லாம் முடிவெடுப்பதில் அவர் கை இருக்கிறது. அவரை உருவாக்கும் படிப்புக்கும் ஒரு வரலாறு உண்டு.

மருத்துவமனை நிர்வாகத்துக்கான முதல் முதுநிலைப் படிப்பு 1934இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியில் தொடங்கியது. அதற்கு வடிவம் கொடுத்த மைக்கேல் டேவிஸ் மருத்துவர் அல்ல; சமூகவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். (அவர் படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்தில்தான் 1913இல் அண்ணல் அம்பேத்கரும் சேர்ந்தார்.) சமூகவியல்காரர் போட்ட அடித்தளம் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்தக் காலத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின நோயாளிக்குத் தனி வார்டு. பல மருத்துவமனைகளில் அதுவும் இல்லை. 1946இல் வந்த ஹில்-பர்ட்டன் சட்டம் மருத்துவமனை கட்ட அரசுப் பணம் தந்தது. தனித்தனி வசதி இருந்தால் போதும் என்று பிரிவினையையும் அனுமதித்தது. அந்தத் தனி வார்டுகளையும் நிர்வாகிகள்தான் நடத்தினார்கள்.

அதை உடைத்தது பாடத்திட்டம் அல்ல. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற கறுப்பினப் பல் மருத்துவர் மற்ற மருத்துவர்களோடும் நோயாளிகளோடும் சேர்ந்து வழக்குப் போட்டு 1963இல் மேல்முறையீட்டில் வென்றார். 1964இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. 1966இல் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு தொடங்கியபோது, பிரிவினை பார்க்கும் மருத்துவமனைக்கு அந்தப் பணம் கிடையாது என்றது அரசு. சில மாதங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் வார்டுகளை ஒன்றாக்கின. பல பத்தாண்டுகளாக முடியாது என்றவர்களுக்கு, வருமானம் போகும் என்றதும் முடிந்தது!

நம் நாட்டில் சட்டம் முன்பே வந்துவிட்டது. தீண்டாமையைக் காரணம் காட்டி மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதும், சேர்த்த பிறகு பாகுபாடு காட்டுவதும் 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 5ஆம் பிரிவின்படி குற்றம். அமெரிக்கச் சட்டத்துக்கு 9 ஆண்டுகள் மூத்தது. ஆனால் மெடிகேர் போல ஒரு பிடி இங்கே போடப்படவில்லை. மருத்துவமனை நிர்வாகத்துக்கென்றே தனித்துறை வைத்திருக்கும் டெல்லி எய்ம்ஸில், பட்டியலின, பழங்குடி மாணவர்கள் பாகுபாட்டுக்கு ஆளாவதை சுகதேவ் தோரட் குழு 2007இல் பதிவு செய்தது.

புதிய தாள் ஒன்றைச் சேர்த்து "சமூக நீதி" என்று பெயர் வைப்பதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. அது தேர்வுக்குப் படித்து மறக்கும் தாளாகிவிடும். இருக்கும் தாள்களுக்குள்தான் கைவைக்க வேண்டும். செலவுக் கணக்குத் தாளில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளியின் சம்பளப் பட்டியலை வைத்துக் கணக்குப் போடட்டும்: ஒப்பந்தக்காரர் வாங்குவது எவ்வளவு, தொழிலாளி கைக்கு வருவது எவ்வளவு? களப்பயிற்சியில் ஒரு வாரம் இரவுப் பணியில் அவர்களோடு நிற்கட்டும். கழிவுகளைப் பிரிக்கும் விதிகளைப் படிக்கிறவர், பிரிக்கிற கைகள் யாருடையவை என்றும் பார்க்க வேண்டும்.

உங்கள் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு இருந்தால், மருத்துவமனைச் சட்டங்கள் குறித்த தாளை எடுத்துப் பாருங்கள். அந்த 5ஆம் பிரிவு இல்லையென்றால் பாடத்திட்டக் குழுவுக்குக் கடிதம் எழுதுங்கள். எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.