வெட்டுக்கல் மண்ணுக்கு ஒரு கணக்கு

திருவனந்தபுரம் மேடும் பள்ளமுமான ஊர். தம்பானூர் போன்ற தாழ்வான இடங்களில் மழைநீர் தேங்கும். சுற்றியுள்ள மேடுகளில் வெட்டுக்கல்லும் செம்மண்ணும். மலபாரின் அங்காடிப்புறத்தில் ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் கண்டு, 1807-இல் ‘லேட்டரைட்’ என்று பெயரிட்டது இந்த வெட்டுக்கல்லைத்தான். இரண்டு பருவமழையும் கொட்டுவதால் சுண்ணாம்பும் மக்னீசியமும் சாம்பல் சத்தும் கரைந்து கீழே இறங்கிவிடும். மிஞ்சும் மண் அமில மண். இட்ட மணிச்சத்தை அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். கண்மதிப்பில் உரமிட்டுத் தப்பிக்க முடியாத மண் இது.

தென்னிந்தியாவில் மண்ணைச் சோதித்து உரமிடும் அறிவு முதலில் திரண்ட இடங்களில் ஒன்று கோயம்புத்தூர். ஆண்டுக்காண்டு ஒரே உரத்தை இட்டால் மண் என்னவாகிறது என்று பார்க்க 1909-இல் அங்கே நிரந்தர உரச் சோதனை தொடங்கியது. ஆனால் அது ஆராய்ச்சிப் பண்ணையின் வயல். விவசாயியின் மண்ணைப் பரவலாகச் சோதிக்கும் ஏற்பாடு 1955-56-இல்தான் வந்தது. இந்திய–அமெரிக்க ஒப்பந்தத்தின்கீழ் நாடெங்கும் 16 மண் பரிசோதனை நிலையங்கள் அமைந்தன. திருவனந்தபுரத்தை அடுத்த வெள்ளாயணியில் வேளாண் கல்லூரி ஏற்பட்டதும் 1955-இல்தான். மறு ஆண்டே ஆய்வாளர்கள் சுப்பையாவும் அசீஜாவும், பயிருக்குக் கிடைக்கும் தழைச்சத்தைப் பெர்மாங்கனேட் கொண்டு அளக்கும் எளிய முறையை வெளியிட்டார்கள். செலவு குறைந்த அந்த முறை இன்றும் இந்திய ஆய்வகங்களில் புழக்கத்தில் இருக்கிறது.

ஆய்வகம் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், மண் எடுக்கும் கை பிசகினால் முடிவும் பிசகிவிடும். வயலில் பல இடங்களில் மேல்குப்பையை விலக்கி, ‘வி’ வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, குழியின் பக்கத்திலிருந்து சீரான கனத்தில் மண்ணைச் சீவ வேண்டும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகள் இரண்டைத் தள்ள வேண்டும். அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படியே செய்து, நிழலில் உலர்த்த வேண்டும். எருக்குழி, வரப்பு, மர நிழல் ஆகிய இடங்களின் மண் ஆகாது.

சோதனை முடிவை உர அளவாக மாற்றும் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை அட்டவணை, மண்ணை 0 முதல் 9 வரை பத்து வளத் தரங்களாகப் பிரிக்கிறது. மிக வறிய மண்ணுக்குப் பொது அளவைவிடக் கூடுதலாக, 128 சதவீதம் உரம். மிக வளமான மண்ணுக்கு மணிச்சத்திலும் சாம்பல் சத்திலும் கால் பங்கே போதும். உரத்தைக் குறைக்கச் சொல்லும் இந்தப் பகுதிதான் அட்டவணையின் உண்மையான பலம்.

தென்னைக்கு மண் மட்டும் போதாது. வேர் எடுத்துக்கொண்டது எவ்வளவு என்று மரத்தையே கேட்க வேண்டியிருக்கிறது. முழுதாக விரிந்த முதல் ஓலையிலிருந்து எண்ணி 14-ஆவது ஓலையின் நடுவிலுள்ள கீற்றுகளை எடுத்து, ஈர்க்கை நீக்கிச் சோதிப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். ரப்பருக்கும் மண், இலை இரண்டையும் பார்த்தே தோட்டத்துக்குத் தோட்டம் உரம் பரிந்துரைக்கப்படுகிறது.

மாநிலத் திட்டக் குழுவின் முன்முயற்சியில் கேரளம் முழுவதும் மண் சோதிக்கப்பட்டு, 2013-இல் அறிக்கை வந்தது. பெரும்பாலான மண் அமிலம்; மக்னீசியமும் போரானும் பரவலாகப் பற்றாக்குறை. மணிச்சத்தோ பல இடங்களில் தேவைக்கு மேல் சேர்ந்திருந்தது. மண் பிடித்துவைத்துக்கொள்கிறதே என்று பல்லாண்டு இட்ட உரத்தின் மிச்சம் அது. 2015-இல் வந்த மண்வள அட்டை 12 அளவீடுகளைக் கேட்பதால், முன்பு தழை, மணி, சாம்பலோடு நின்றுவிட்ட சோதனையில் போரானும் துத்தநாகமும் இடம்பெற்றன. மக்னீசியக் குறையை ஈடுகட்ட, தென்னையில் வேர்வாடல் நோய் உள்ள பகுதிகளுக்கு, மரத்துக்கு ஆண்டுதோறும் 500 கிராம் மக்னீசியம் சல்பேட் பரிந்துரைக்கப்படுகிறது.