அப்பாவின் மணிக்கூடும் 30 மீற்றரும்

கம்பஸ் கிடைத்தபோது அப்பா வாங்கித் தந்த மணிக்கூட்டின் முதுகில் '30 மீற்றர்' என்று இருந்தது. படிப்பு பாதியில் நின்றது. மணிக்கூடு என்னோடு வந்தது. இங்கே உணவகக் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி மூன்றாம் மாதம் கண்ணாடிக்குள் புகார் பிடித்தது. பிறகு முள்ளும் நின்றது. முழங்கை ஆழம்கூட இல்லாத தண்ணீர்!

அதற்குப் பிறகுதான் இதன் கதையைத் தேடி வாசித்தேன்.

1926இல் ரோலெக்ஸ் 'ஒயிஸ்ரர்' வந்தது. சாவி கொடுக்கும் குமிழைப் போத்தல் மூடிபோலத் திருகிப் பூட்டுவதுதான் சூட்சுமம். 1927 ஒக்ரோபர் 7இல் மெர்சிடஸ் கிளைற்சை என்ற லண்டன் தட்டெழுத்தாளர் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். சிலர் நம்பவில்லை. 21ஆம் திகதி கழுத்தில் அந்த மணிக்கூட்டோடு மறுபடி இறங்கினார். பத்து மணித்தியாலத்துக்கு மேல் நீந்தியும் குளிரால் கரைசேர முடியவில்லை. மணிக்கூடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நவம்பர் 24இல் டெய்லி மெயில் முதற்பக்கத்தில் அதற்கு விளம்பரம்!

'30 மீற்றர்' என்றால் சுழியோடலாம் என்றல்ல. மழைக்கும் கைகழுவலுக்கும் தாங்கும், அவ்வளவுதான். சுடுநீரும் சவர்க்காரமும் உள்ளேயிருக்கும் றப்பர் வளையத்தைக் கெடுத்துவிடும்.

குசினிக்குப் புதிதாக வரும் பொடியளுக்கு முதலில் சொல்வது இதைத்தான்: மணிக்கூட்டைக் கழற்றி வை தம்பி. அப்பாவுடையது என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.