சாக்ரடீஸ் முனிவரின் வழக்கும் முடிவும்

பண்டைக் காலத்தில் கல்வியாலும் கலைகளாலும் ஐரோப்பாக் கண்டத்திற் புகழ் பெற்று விளங்கியது கிரேக்க நாடு. அந்நாட்டு நகரங்களுள் திலகம் போன்றது ஏதென்ஸ். அரசனொருவன் ஆணைக்கு அடங்கி வாழாது, குடிமக்கள் தாமே அவை கூடித் தம்மை ஆண்டுகொண்ட பெருமை அந்நகரத்திற்கு உண்டு. அத்தகைய நகரமே, கி. மு. 399-ஆம் ஆண்டில், தன் மக்களுள் தலைசிறந்த அறிஞர் ஒருவரை நஞ்சூட்டிக் கொன்றது. கொடுங்கோல் மன்னன் ஒருவன் சான்றோர் ஒருவரைக் கொன்றானென்று கேட்பின் நாம் வருந்துவோமேயன்றி வியப்புறோம். பலர் கூடி, முறைப்படி வழக்குக் கேட்டு, வாக்கெண்ணிக் கொன்றனர் என்பதே ஆழ்ந்து நோக்கற்பாலது. தப்பிச் செல்ல வழியிருந்தும் அச்சான்றோர் செல்லாது நின்றது அதனினும் ஆழ்ந்து நோக்கற்பாலது. அவ்விரண்டையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

சாக்ரடீஸ் கி. மு. 470-ஆம் ஆண்டையடுத்துப் பிறந்தவர். தந்தையார் சோப்ரோனிஸ்கஸ் என்னும் சிற்பி. தாயார் பீனரெட்டி என்னும் மருத்துவச்சி. சப்பை மூக்கும் பிதுங்கிய கண்களும் உடையவர். வெறுங்காலோடு பழைய மேலாடையொன்றைப் போர்த்துத் திரிபவர். பொட்டிடேயா, டீலியம், ஆம்பிபோலிஸ் என்னும் இடங்களில் தம் நகரத்தின் பொருட்டுப் போர்க்களத்து நின்றவர். அவர் நூலொன்றும் எழுதினாரல்லர். மாணாக்கராகிய பிளேட்டோவும், அவரோடு பழகிய ஸெனபனும் எழுதிவைத்த நூல்களாலேயே அவர் வரலாறு பெரிதும் விளங்குகின்றது.

அவர் பள்ளி வைத்திலர். பொருள் பெற்றுக் கற்பித்திலர். கடைவீதியிலும் உடற்பயிற்சிக் களத்திலும் எதிர்ப்பட்டாரை வினவுவதே அவர்தம் தொழில். வீரமாவது யாது? நீதியாவது யாது? பக்தியாவது யாது? இவ்வாறு தொடங்கி, வினாவின்மேல் வினாவாக அடுக்கி, விடை கூறுவோர் தம் அறியாமையைத் தாமே உணருமாறு செய்வர். தம் தாயார் மகவு பிறத்தற்குத் துணை நின்றவாறு, தாம் பிறர் உள்ளத்தில் எண்ணம் பிறத்தற்குத் துணை நிற்பதாக அவர் கூறினார் என்ப.

சாக்ரடீஸினும் அறிவு மிக்கார் உளரோவென்று கைரெபான் என்னும் நண்பர் டெல்பி நகர்க் கோயிலிற் குறி கேட்டனர். ஒருவரும் இலர் என்று விடை வந்தது. அதன் பொருளை அறிய விரும்பிய சாக்ரடீஸ், அரசியலாளரையும் புலவரையும் கைத்தொழிலாளரையும் நாடிச் சென்று சோதித்தார். அறியாததை அறிந்ததாகக் கருதுவார் பலரைக் கண்டார். தம் அறியாமையை அறிந்திருத்தலே தமக்குள்ள சிறப்பெனத் தெளிந்தார். ஆயின், பலர் முன்னிலையில் நாணமுற்றவர் அதனை எளிதில் மறப்பரோ? பகை வளர்ந்தது. கி. மு. 423-இலேயே அரிஸ்டோபனீஸ் என்னும் நாடகப் புலவர், மேகங்கள் என்னும் நாடகத்தில் அவரை நகைப்புக்கு இடமாக்கினர்.

காலமும் அவருக்கு மாறாயிற்று. கி. மு. 431 முதல் 404 வரை ஸ்பார்ட்டாவோடு நிகழ்ந்த போரில் ஏதென்ஸ் தோற்றது. அதன்பின் முப்பதின்மர் என்னும் குழுவினர் ஆட்சியைக் கைப்பற்றிக் குடிகள் பலரைக் கொன்றனர். அவர்களுள் முதல்வனாகிய கிரிட்டியாஸும், முன்னர்ப் பகைவரோடு சேர்ந்து நகரத்திற்குக் கேடு சூழ்ந்த ஆல்கிபியாடீஸும் சாக்ரடீஸோடு பழகினவர்கள். கி. மு. 403-இற் குடியாட்சி மீண்டபோது, பழைய அரசியற் குற்றங்களுக்கு வழக்கிடலாகாதெனப் பொது மன்னிப்பு அளிக்கப்பட்டது. எனவே அவ்வெறுப்பு வேறு பெயர் பூண்டு வெளிவந்ததென்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து.

மெலீட்டஸ், அனிட்டஸ், லைகான் என்னும் மூவர் வழக்குத் தொடுத்தனர். நகரத்தார் போற்றுந் தெய்வங்களைப் போற்றாது புதுத் தெய்வங்களைப் புகுத்தினார் என்பதும், இளைஞரைக் கெடுத்தார் என்பதும் குற்றச்சாட்டு. 30 வயது நிரம்பிய குடிகளுள் திருவுளச்சீட்டினால் தெரிந்தெடுக்கப்பட்ட ஏறத்தாழ 500 பேர் நீதி வழங்க அமர்ந்தனர். அவர்கட்குச் சட்டம் விளக்கும் நீதிபதி ஒருவரும் இலர். தமக்குள் கலந்து ஆராயும் வழக்கமும் இல்லை. இரு திறத்தாரும் நாழிகை வட்டிலின் அளவுக்குட் பேசி முடிக்க, உடனே வாக்களித்தல் வேண்டும். ஓர் உயிரின் வழக்கு ஒரு பகலில் முடிந்தது.

அக்காலத்துக் குற்றஞ்சாட்டப்பட்டோர் மனைவி மக்களை அவைக்குக் கொணர்ந்து அழுவித்து இரக்கங் கோருதல் வழக்கம். 70 வயதினராகிய சாக்ரடீஸுக்கும் புதல்வர் மூவர் உளர். அவருள் இருவர் சிறுவர். எனினும் அவர்களை அவர் அழைத்து வந்திலர். வினவுதலை விடுவதாயின் விடுதலை என்றாலும் தாம் அதற்கு இசையாரென உரைத்தார். வாக்கெண்ணியபோது, 30 பேர் மாறி வாக்களித்திருப்பின் விடுதலையாகும் அளவிற்குத் தோல்வி நேர்ந்தது.

பின்னர்த் தண்டனை ஆராய்ந்தனர். வழக்காளிகள் மரணம் வேண்டினர். நாடு கடத்தலைச் சாக்ரடீஸ் தாமே வேண்டியிருப்பின், அவையோர் இசைந்திருத்தலுங் கூடும். அவரோ, தாம் நகரத்திற்குச் செய்த தொண்டிற்கு ஈடாகப் பொதுமாளிகையில் உணவளித்தலே தகுமென்றார்! பின் 1 மினா அபராதம் கூறி, நண்பர் பிணையின்மேல் அதனை 30 மினாவாக உயர்த்தினார். அவை சினந்தது, முன்னினும் மிகுந்த வாக்குகளால் மரணம் விதித்தது.

அப்பொழுது டீலாஸ் தீவுக் கோயிலுக்கு நகரத்தின் திருக்கப்பல் சென்றிருந்தது. அது மீளுங்காறும் கொலைத்தண்டம் நிறைவேற்றலாகாது என்பது விதி. ஆதலின் 30 நாள் அவர் சிறையிலிருந்தார். ஒரு நாள் வைகறையில் கிரிட்டோ என்னும் முதுநண்பர் வந்து, காவலரைப் பொருளாற் சரிப்படுத்தியாயிற்றென்றும், தெஸ்ஸாலி நாட்டில் நண்பர்கள் காப்பரென்றும் கூறி, உடனே புறப்படுமாறு மன்றாடினர். சாக்ரடீஸ் மறுத்தார். நகரத்துச் சட்டங்களே நேரில் வந்து தம்மை வினவுவதாகப் பாவித்துப் பேசினார். தம்மைப் பெற்று வளர்த்த சட்டங்கள் அவை. 70 ஆண்டு விரும்பி அவற்றின் நிழலில் வாழ்ந்துவிட்டு, தமக்குத் தீங்கு நேர்ந்த பொழுது மட்டும் அவற்றை முறித்தோடுதல் அறமாகாதென்றார்.

இஃது அச்சத்தாற் பிறந்த அடக்கமோவெனின், அன்று. கி. மு. 406-இல், கடற்போரில் வென்றும், புயலில் மூழ்கிய வீரரை மீட்டிலரென்று தளபதிகளை ஒருங்கே கூட்டித் தண்டிக்க மக்களவை முயன்றது. தனித்தனியே விசாரியாது தண்டித்தல் சட்டத்திற்கு மாறென்று, அன்று அவைத்தலைமைக் குழுவிலிருந்த சாக்ரடீஸ் எதிர்த்து நின்றார். அவையோர் ஆரவாரித்தும் அவர் அசைந்திலர். எனினும் தளபதிகள் அறுவர் கொல்லப்பட்டனர். பின்னர் ஏதென்ஸ் மக்கள் அதற்கு வருந்தினர். முப்பதின்மர் ஆட்சியிலும், சலாமிஸ் தீவினனாகிய லியோனைக் கொலைக்குப் பிடித்து வருமாறு அவரையும் வேறு நால்வரையும் ஏவினர். நால்வர் சென்றனர், சாக்ரடீஸ் தம் வீட்டிற்குச் சென்றார்.

மக்களவையின் ஆரவாரத்திற்கும் கொடியோர் ஆணைக்கும் பணியாத அவர், தம் மரண தண்டனைக்குப் பணிந்ததென்னை? இங்கேதான் அவர் உள்ளம் விளங்குகின்றது. முன்னைய இரண்டும் அவரைப் பிறர்க்குத் தீங்கு செய்யுமாறு ஏவின. அதற்கு அவர் ஒருகாலும் இசையார். பின்னையதோ அவரைத் தீங்கு பொறுக்குமாறு விதித்தது, அதற்கு இசைந்தார். அநீதி செய்தலினும் அநீதிக்கு ஆளாதலே நன்றென்பது அவர் கொள்கை. வாயாற் கூறிய அதனை உயிரால் மெய்ப்பித்தார்.

இறுதி நாளில் உயிரின் அழியாமையைப் பற்றி நண்பரோடு உரையாடினார். இறந்தபின் தம் உடலைக் கழுவும் தொல்லை பெண்டிர்க்கு வேண்டாவென்று தாமே நீராடினார். ஞாயிறு இன்னும் மலைமேல் உள்ளதென்று கிரிட்டோ தடுத்தும் காலந் தாழ்த்திலர். ஹெம்லாக் என்னும் நச்சுப் பூண்டின் சாற்றை முகம் வேறுபடாது பருகினார். அழுத நண்பரைக் கடிந்து அடக்கினார். கால் கனக்கும்வரை நடந்து, பின் படுத்தார். குளிர்ச்சி அடியினின்றும் மேலேறிற்று. மருத்துவத் தெய்வமாகிய அஸ்கிளீபியஸுக்குச் சேவலொன்று கடன் உளது, மறவாது செலுத்துக எனக் கிரிட்டோவிடம் கூறியதே அவர்தம் இறுதி மொழி.

ஏதென்ஸ் நகரத்தாரை நாம் எளிதாகப் பழித்துவிடலாகாது. சாக்ரடீஸ் நெடுங்காலம் தடையின்றி வினவி வாழ இடந்தந்ததும் அந்நகரமே; பின்னாளிற் பிளேட்டோ தம் கல்விக்கழகத்தை நிறுவியதும் அந்நகரத்திலேயே. வாக்களித்தோர் கொலைஞருமல்லர், உழவரும் வணிகரும் தொழிலாளருமாகிய நம்மனையோரே. பழைய வெறுப்பை ஆராயாது மனத்தில் வைத்துக்கொண்டு அவையில் அமர்ந்ததே அவர் செய்த பிழை. ஆதலின், நேயர்காள்! பலர் கூடிய அவையில் ஒருவரை விலக்கவோ தண்டிக்கவோ நாம் கையுயர்த்துங்கால், அவர் செய்த குற்றம் யாது, நம் உள்ளத்து வெறுப்பு யாது என இரண்டையும் பிரித்தறிந்து உயர்த்துவோமாக. அன்று 30 பேர் அங்ஙனம் பிரித்தறிந்திருப்பின், அம்முதியவர் வீடு சென்றிருப்பர்.