கருப்பைக்குள் பொருத்தும் கருத்தடைச் சாதனமும் வயிற்று வலியும்

கருத்தரிப்பைத் தடுப்பதற்காகக் கருப்பைக்குள் பொருத்தப்படும் சாதனங்களில் இந்தியப் பெண்களுக்கு நன்கு பழக்கமானது காப்பர்-டி. பிளாஸ்டிக் சட்டத்தில் செம்பு சுற்றப்பட்டிருக்கும். அடிப்பகுதியில் கட்டிய நூல் கருப்பை வாய் வழியே வெளியே வந்து யோனிக்குள் தொங்கும். காப்பர்-டி 380ஏ வகையில் செம்பின் பரப்பு 380 சதுர மில்லிமீட்டர். ஒருமுறை பொருத்தினால் 10 ஆண்டுகள் வரை பயன் தரும். பெரும்பாலான பெண்களுக்கு இதனால் தொல்லை இருப்பதில்லை. சிலருக்கு அடிவயிற்றில் வலி வரும். அந்த வலியின் காரணத்தைத் தேடும் மருத்துவர் முதலில் கேட்பவை இரண்டு: வலி எப்போது தொடங்கியது, நூல் இருக்கிறதா?

பொருத்திய உடனே வரும் இழுத்துப் பிடிக்கும் வலி கருப்பைத் தசை சுருங்குவதால் ஏற்படுவது. சிலருக்குத் தலைசுற்றலும் மயக்கமும் வருவதுண்டு. செம்புச் சாதனம் வைத்தவர்களுக்கு தொடக்கத்தில் மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை மாதவிலக்கின்போது உதிரப்போக்கும் வலியும் கூடுதலாக இருக்கும். இபுப்ரோஃபென் போன்ற வலி நிவாரணிகளுக்கு இவை பெரும்பாலும் கட்டுப்படும். நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி கூடிக்கொண்டே போனால்தான் வேறு காரணம் தேட வேண்டும்.

அத்தகைய காரணங்களுள் அடிக்கடி காணப்படுவது, சாதனம் தானாக வெளியேறுவது. ஏறக்குறைய 20 பெண்களில் ஒருவருக்கு இது நேர்கிறது. முதல் சில மாதங்களில்தான் அதிகம். முழுவதும் வெளியேறாமல் கருப்பை வாயில் சிக்கிக்கொண்டால் வலியும் இரத்தக்கசிவும் தொடரும். தொங்கும் நூல் வழக்கத்தைவிட நீளமாகத் தட்டுப்படும்.

கருப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு சாதனம் வயிற்றுக்குள் போவது அரிது. சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கு நேரலாம். துளை பெரும்பாலும் பொருத்தும்போதே விழுந்துவிடுகிறது. ஆனாலும் பல மாதங்கள், ஏன், ஆண்டுகள் கழித்துத் தெரியவருவதும் உண்டு. பாலூட்டும் தாய்மாருக்கும் அண்மையில் பிரசவித்தவர்களுக்கும் இந்த ஆபத்து சற்று அதிகம். வயிற்றறைக்குள் கிடக்கும் செம்பு அழற்சியை உண்டாக்கிச் சுற்றியுள்ள திசுக்களை ஒட்டவைக்கும், குடலையும் துளைக்கக்கூடும். சிறுநீர்ப்பைக்குள் புகுந்தால் அதைச் சுற்றிக் கல் வளரும். சிறுநீர் கழிக்கையில் எரிச்சலும் வலியும் வரும்.

காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், உடலுறவின்போது வலி ஆகியவை அடிவயிற்று வலியோடு சேர்ந்தால் கருப்பை, கருக்குழாய்களின் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். இந்த ஆபத்து பொருத்திய முதல் 20 நாட்களில்தான் மிகுதி. பிறகு வெகுவாகக் குறைந்துவிடும். ஏற்கெனவே கருப்பை வாயில் இருக்கும் தொற்று, பொருத்தும்போது மேலேறுவதே முக்கியக் காரணம். நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்த இரண்டு மூன்று நாட்களில் நிலைமை தேறினால் சாதனத்தை எடுக்க வேண்டியதில்லை.

சாதனத்தின் வடிவமைப்பே ஆபத்தை விளைவித்ததும் உண்டு. 1971-இல் அமெரிக்காவில் ஏ.எச்.ராபின்ஸ் நிறுவனம் விற்கத் தொடங்கிய 'டால்கன் ஷீல்டு' சாதனத்தின் நூல் ஒற்றை இழையன்று. உறைக்குள் அடைத்த நூற்றுக்கணக்கான நுண்ணிழைகள். அவற்றின் இடுக்குகளின் வழியே கிருமிகள் மேலேறின. கடும் தொற்றுகளும், சீழ்பிடித்த கருச்சிதைவுகளும், மரணங்களும் நேர்ந்தன. 1974-இல் அங்கே விற்பனை நின்றது. வழக்குகள் குவிந்ததால் 1985-இல் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. மருத்துவச் சாதனங்களைக் கட்டுப்படுத்தும் அமெரிக்கச் சட்டம் 1976-இல் வர இதுவும் ஒரு தூண்டுதல். இன்றைய சாதனங்களின் நூல் ஒற்றை இழைகளால் ஆனது.

காப்பர்-டி இருக்கும்போது கருத்தரிப்பது அபூர்வம். அப்படிக் கருத்தரித்தால் அது கருக்குழாயில் தங்கியிருக்கும் வாய்ப்பு வழக்கத்தைவிடக் கூடுதல். ஆகவே மாதவிலக்கு தள்ளிப்போய், ஒருபக்க வயிற்று வலி, தோள்பட்டை வலி, மயக்கம் ஆகியவை வந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குப் போக வேண்டும். கருக்குழாய் வெடித்தால் உள்ளே பெருகும் இரத்தம் உயிரைப் பறிக்கும்.

நூல் தட்டுப்படாவிட்டால் கர்ப்பப் பரிசோதனையும் ஸ்கேனும் முதலில் செய்யப்படுகின்றன. ஸ்கேனில் சாதனம் தெரியவில்லை என்றால் வயிறு முழுவதையும் எக்ஸ்ரே எடுப்பார்கள். சட்டத்தில் பேரியம் கலந்திருப்பதால் வயிற்றுக்குள் எங்கே இருந்தாலும் தெரிந்துவிடும். நூல் தெரியும் சாதனத்தை மருத்துவர் சில நிமிடங்களில் இழுத்து எடுத்துவிடலாம். வயிற்றுக்குள் போனதைப் பெரும்பாலும் லேப்பராஸ்கோப்பி (நுண்துளை அறுவை) மூலம் எடுக்கிறார்கள்.

பொருத்திய பிறகு தொடர்ந்து கவனிப்பது எவ்வளவு முக்கியம் என்பதைப் பழைய அனுபவம் காட்டுகிறது. இந்தியாவில் 1965-இல் 'லிப்பிஸ் லூப்' என்ற பிளாஸ்டிக் வளையம் நாடெங்கும் அறிமுகமாயிற்று. உதிரப்போக்கும் வலியும் வந்த பெண்களைத் தொடர்ந்து கவனிக்கப் போதிய ஏற்பாடு இல்லை. ஊர்களில் அச்சம் பரவியது; பொருத்திக்கொள்வோர் தொகை சில ஆண்டுகளில் சரிந்தது. இன்று பொருத்திய 3 முதல் 6 வாரங்களுக்குள், அல்லது முதல் மாதவிலக்கு முடிந்ததும், மறுபரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். சாதனம் நகர்ந்திருப்பதையும் தொற்று தொடங்கியிருப்பதையும் அந்தப் பரிசோதனையில் கண்டறிந்துவிட முடியும்.